அலிபாக் கொலாபா கோட்டை: திதி பார்த்து, வற்றம் பார்த்து நடந்து போகும் முறை

மும்பையிலிருந்து கொலாபா கோட்டைக்குப் போவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரில் திதி. லீவு, டிக்கெட், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு. கோட்டை அலிபாக் கரையிலிருந்து ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டருக்குள், கடலுக்கு நடுவே பாறை மேல் நிற்கிறது. நீர் வற்றியிருக்கும் சில மணி நேரம் மணலில் நடந்தே போய்விடலாம். நீர் ஏறிவிட்டால் அதே பாதை ஆளை மூழ்கடிக்கும் ஆழம்.

தமிழ்நாட்டுக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கேதான் தவறிப்போகிறார்கள். சென்னையில் பௌர்ணமி நாளில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். மெரினாவில் காலையில் நின்ற இடத்திலேயே மாலையிலும் நிற்கலாம். மும்பைக் கரையில் அதே பௌர்ணமியன்று வித்தியாசம் நான்கு மீட்டரைத் தாண்டும். மாட்டுங்கா, தாராவி, செம்பூரில் எத்தனை வருடம் குடியிருந்தாலும், கடலோரத்தில் தொழில் செய்யாதவருக்கு இந்த வேகம் உடம்பில் பதிந்திருக்காது. அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளலாம். தென்மும்பையில் இருக்கும் கொலாபா வேறு, இந்தக் கோட்டை வேறு. கோட்டை இருப்பது ராய்கட் மாவட்டத்தில், அலிபாக் ஊரை ஒட்டி. அந்த மாவட்டத்துக்கே முன்பு கொலாபா மாவட்டம் என்றுதான் பெயர். மேப்பில் தேடும்போது அலிபாக் என்று சேர்த்தே அடியுங்கள்.

நாள் பார்ப்பது எப்படி

கொங்கண் கரையில் மீனவர்கள் வைத்திருக்கும் கணக்கு நம் வீட்டு நாள்காட்டிக்கு அப்படியே பொருந்தும். அன்றைய திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் உச்சிக்கு வரும் மணி கிடைக்கும். சதுர்த்தி நான்காவது திதி; நான்கை முக்காலால் பெருக்கினால் மூன்று. ஆக, அதிகாலை 3 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஏற்றம். அதிலிருந்து ஆறு மணி நேரமும் கொஞ்சமும் தள்ளினால் வற்றம், அதாவது காலை 9-ஐ ஒட்டி. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்குதான். சந்திரன் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருவதால் கடலும் அதே அளவு தாமதிக்கிறது. முக்கால் மணி என்பது அதைத்தான் குறிக்கிறது.

இது உத்தேசக் கணக்கு. ஒரு மணி நேரம் வரை முன்பின் ஆகும்; அஷ்டமிக்குப் பிந்தைய திதிகளில் அசல் நேரம் பெரும்பாலும் கணக்கைவிடத் தாமதமாகவே வரும். எந்த வாரம் போகலாம் என்று முடிவு செய்ய இது போதும். புறப்படும் நாளுக்கு மட்டும் மும்பை அல்லது அலிபாக்கின் ஓத அட்டவணையை (ஏற்றம், வற்றம் வரும் நேரங்களின் பட்டியல்) பார்த்தே ஆகவேண்டும். அங்கேயும் இரண்டு தவறு நடக்கும். சில செயலிகள் நேரத்தை கிரீன்விச் கணக்கில் காட்டும்; நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், வற்றம் என்று நினைத்துப் போய் இறங்கும்போது கடல் ஏற்றத்தின் உச்சியை ஒட்டி நிற்கும். இந்திய நேரம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்தது, ஒரே நாளில் வரும் இரண்டு வற்றமும் ஒரே அளவு இறங்காது. நேரத்துக்குப் பக்கத்திலேயே மீட்டரில் ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு தூரம் மணல் வெளியே தெரியும்.

எந்தத் திதி நல்லது என்பதில் ஒரு இழுபறி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும். ஆனால் வற்றம் காலை ஆறு, ஆறரைக்கும் மாலை அதே நேரத்துக்கும் வரும். நடுப்பகலில் நீர் முட்டி நிற்கும். அஷ்டமி, நவமியில் வற்றம் சௌகரியமாக நடுப்பகலுக்கு வரும். ஆனால் அன்று கடல் சரியாக இறங்காது, பாதையில் முழங்கால், சில நேரம் அதற்கு மேலும் நீர் நிற்கும். இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு வேண்டிய நாள் இருக்கிறது.

முந்தைய இரவே அலிபாக்கில் தங்கத் தயார் என்றால் சதுர்த்தி, பஞ்சமிதான் முதல் தேர்வு. காலை ஒன்பது, பத்துக்குள் வற்றம், வெயிலும் ஏறியிருக்காது, கடலும் நன்றாக இறங்கும். காலையில் மும்பையில் கிளம்பி இரவு வீடு திரும்ப வேண்டும் என்றால் ஏகாதசி பாருங்கள். வற்றம் பிற்பகல் இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் வரும். போய்ச் சேரவும் நேரம் இருக்கும், திரும்பவும் வெளிச்சம் இருக்கும். சொந்த வண்டியில் போகிறவர்கள் துவாதசியையும் எடுத்துக்கொள்ளலாம். தேய்பிறைச் சதுர்த்தி சங்கடஹர சதுர்த்தி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கோட்டைக்குள் கணபதி கோயில் இருப்பதால் அன்று கூட்டம் சேரும். கூட்டம் வேண்டாம் என்றால் பஞ்சமிக்குத் தள்ளிப்போடுங்கள்.

மாதம் என்று கேட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நடையை நினைக்கவே வேண்டாம். மழைக்காலத்துக் கடல் அட்டவணைக்குக் கட்டுப்படாது. காற்று நீரைக் கரைப் பக்கம் தள்ளும்போது வற்றம் பெயருக்குத்தான் இருக்கும்.

மும்பையிலிருந்து அலிபாக்

சயான், தாராவி, மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் ரயிலில் சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து டாக்ஸியிலோ பஸ்ஸிலோ கேட்வே ஆஃப் இந்தியா போய், எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போகும் படகைப் பிடிப்பது சுலபம். படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாண்ட்வாவிலிருந்து அலிபாக் 20 கிலோமீட்டர் அளவு. கேட்வே கேடமரான் படகு டிக்கெட்டிலேயே மாண்ட்வாவிலிருந்து அலிபாக் போகும் பஸ்ஸும் சேர்ந்திருக்கும், முக்கால் மணி ஆகும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். வரிசையில் நிற்பது, இறங்குவது எல்லாம் சேர்த்து கேட்வேயிலிருந்து அலிபாக் மணலை மிதிக்க இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். சனி, ஞாயிறு என்றால் மூன்று.

கார், பைக்கோடு போவதென்றால் பாவுச்சா தக்காவிலிருந்து ரோ-ரோ கப்பல் இருக்கிறது. துறைமுகச் சாலைக்குள் இருக்கும் இடம் அது. ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோடு பக்கத்து ஸ்டேஷன். கேட்வே படகுகள் மழைக்காலத்தில் நின்றுவிடும்.

செம்பூர், மான்கூர்ட், வாஷிக்காரர்கள் கேட்வே வரை போய்த் திரும்புவதில் அர்த்தமில்லை. அதே ஹார்பர் லைனில் பன்வேல் போய், அங்கிருந்து எஸ்டி பஸ்ஸில் (மாநில அரசு பஸ்) பென், வட்கள் வழியாக அலிபாக் போகலாம். முலுந்த், தானே பக்கத்துக்கும் பன்வேல்தான் தோது. வட்கள் சந்திப்பில் சனிக்கிழமை காலை நெரிசல் உண்டு. வற்றத்துக்கு நேரம் குறித்துப் போகிறவர்கள் அதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்குள் இறங்கும் முன்

கரையில் நின்று கோட்டையைப் பார்த்தால் கைக்கெட்டும் தூரம் போலத் தோன்றும். ஈர மணலில் நடக்க ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் வையுங்கள். குழந்தைகளோடு என்றால் முக்கால் மணி.

வற்றம் இத்தனை மணிக்கு என்று அட்டவணை சொன்னால், அதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் கரையிலிருந்து புறப்படுங்கள். ஒன்றேகால் மணி முன்னால் கோட்டையில் இருப்பீர்கள். உள்ளே இரண்டு மணி நேரம் கிடைக்கும். வற்றம் கழிந்து முக்கால் மணிக்குள் கோட்டை வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட வேண்டும். ஒன்றேகால் மணிக்குள் கரை. மூன்று மணிக்கு வற்றம் என்றால் ஒன்றேகாலுக்குப் புறப்பட்டு நாலேகாலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அர்த்தம். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நேரம் போவது தெரியாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. மாலுமிகள் வைத்திருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் வித்தியாசம் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒரு மணி நேரத்தில் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 0.3 மீட்டர்தான் ஏறும். அதைப் பார்த்து 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று நினைப்பது சகஜம். இரண்டாவது மணியில் 0.6 மீட்டர், மூன்றாவது மணியில் 0.9 மீட்டர். அதாவது முதல் மணி முடிவில் முழங்கால் அளவுகூட ஏறாத நீர், மூன்றாவது மணி முடிவில் 1.8 மீட்டர் ஏறியிருக்கும். பெரிய ஆளுக்கே தலை மூழ்கும். போதாக்குறைக்கு, பாதையில் தாழ்வான இடங்கள்தான் முதலில் நிரம்பும். நீங்கள் நிற்கும் மேடு காய்ந்திருக்கும்போதே உங்களுக்கும் கரைக்கும் நடுவில் நீர் சூழ்ந்துவிடலாம்.

நேரம் தவறிவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கோட்டையிலேயே இருந்துவிடுவது. படகு ஓடும் காலமாக இருந்தால் படகில் திரும்பலாம். இல்லையென்றால் அடுத்த வற்றம் வரை காத்திருக்கலாம். பாதி வழியில் மாட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

கரையில் குதிரை வண்டிக்காரர்கள் நிற்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்காதீர்கள். மராத்தியில் வற்றத்துக்கு ஓஹோட்டி, ஏற்றத்துக்கு பர்தி. 'ஓஹோட்டி கிதி வாஜ்தா?' என்று கேட்டால் நேரம் சொல்வார்கள். அது உங்கள் அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை வண்டியை வைத்தே கண்டுபிடிக்கலாம்: எதிரே வரும் வண்டியின் சக்கரத்தில் நனைந்த உயரம்தான் பாதையின் ஆழமான இடம்.

வயதானவர்கள், புடவையில் இருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வண்டி பிடியுங்கள். போக, வர, நடுவில் உள்ளே இருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஆளுக்கா, வண்டிக்கா என்று ஏறும் முன்பே பேசி முடியுங்கள். எந்த நேரத்துக்குத் திரும்ப வாசலில் இருக்க வேண்டும் என்று வண்டிக்காரர் சொன்னால் அது கெடு. தாமதித்தால் குதிரையும் நீரில் நீந்த வேண்டி வரும்.

காலில் பட்டை வைத்த செருப்பு போடுங்கள். ரப்பர் செருப்பைச் சேறு உறிஞ்சிக்கொள்ளும், ஷூ நனைந்து கனக்கும். வெறுங்காலோடு போகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். கோட்டையை நெருங்கும் இடத்தில் பாறை வரும்; பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், அதன் மேல் பாசி வேறு வழுக்கும். அங்கே சீக்கிரம் நடக்க நினைக்கிறவர்கள்தான் விழுகிறார்கள். போன், பணம், சாவியை ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மார்ச்சுக்குப் பிறகு இரண்டு லிட்டர். தொப்பி கட்டாயம், மணலும் நீரும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

கோட்டைக்குள்

இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம்; நுழைவு டிக்கெட் உண்டு, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். சில்லறை வைத்திருங்கள், சிக்னலை நம்பி யுபிஐ மட்டும் என்று போகாதீர்கள்.

உள்ளே நுழையும் முன் வெளிச்சுவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பலர் வாசலைப் பார்த்ததும் நேரே உள்ளே போய்விடுகிறார்கள்; இந்தக் கோட்டையின் சிறந்த பொறியியல் வெளியேதான் இருக்கிறது. பெரிய பெரிய கருங்கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வெறுமனே அடுக்கப்பட்டிருக்கும், நடுவில் சுண்ணாம்புச் சாந்து இருக்காது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிகளைப் பார்க்கலாம். அலை அடிக்கும்போது நீர் அந்த இடுக்குகளுக்குள் புகுந்து சிதறி, வேகம் தணிந்து வெளியே வடிந்துவிடும். சாந்து பூசி அடைத்திருந்தால் ஒவ்வொரு அலையின் முழு மோதலையும் சுவர் நெஞ்சில் வாங்கியிருக்கும். மூன்றரை நூற்றாண்டு பருவமழைகளைச் சுவர் தாண்டி வந்ததன் ரகசியம் அந்த இடுக்குகளில் இருக்கிறது. அதில் பிளாஸ்டிக்கையும் சிப்ஸ் கவரையும் திணிப்பவர்களைக் கண்டால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள். அப்படியே சுவரடிப் பாறையில் சிப்பி எந்த உயரம் வரை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஏற்றத்தில் நீர் வாடிக்கையாக அதுவரை வரும். பாதையின் மணல் அதிலிருந்து எவ்வளவு தாழ்வு என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தால் அலாரத்தை யாரும் அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

சிவாஜி 1680-இல் இந்தக் கோட்டைப் பணியைத் தொடங்கினார். அதே ஆண்டு அவர் மறைந்ததும் மகன் சம்பாஜி முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மும்பைத் துறைமுகத்தின் வாயருகே காந்தேரித் தீவில் கோட்டை கட்டும் வேலை தொடங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோக்கம் புரியும். ஒரு பக்கம் ஜஞ்சிராக் கடற்கோட்டையை ஆண்ட சித்தி வம்சத்தினர், இன்னொரு பக்கம் மும்பையில் ஆங்கிலேயர். இருவரின் கப்பல் போக்குவரத்தையும் கண்காணிக்க நடுவில் ஒரு கடற்படைத் தளம் தேவைப்பட்டது. செஞ்சிக் கோட்டையை 1677-இல் பிடித்துப் பலப்படுத்திய அதே சிவாஜியின் கடைசிக் காலத் திட்டங்களில் இது ஒன்று. 2025-இல் யுனெஸ்கோ சேர்த்த மராட்டியப் படைத்தளங்கள் பன்னிரண்டில் செஞ்சியும் காந்தேரியும் இருக்கின்றன. கொலாபா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கடற்போர் வரலாற்றில் இதன் எடை குறைவில்லை. 1713-இல் மராட்டிய அரசோடு செய்த உடன்படிக்கையில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரேயின் கைக்கு வந்த கோட்டைகளில் இதுவும் ஒன்று. அவருடைய தலைமைத் தளம் இதுதான். 1721-இல் போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து தாக்கியும் பிடிக்க முடியவில்லை. கானோஜி 1729-இல் இறந்தார்.

பெரிய வாசல் அலிபாக் கரையைப் பார்த்து இருக்கும். நுழையும்போது தலையைத் தூக்கி வளைவைப் பாருங்கள்: யானை, மயில் போன்ற செதுக்கல்கள் உப்புக்காற்றில் மழுங்கியிருந்தாலும் சாய்ந்த வெயிலில் நன்றாகத் தெரியும். உள்ளே கோட்டை வடக்கு தெற்காக நீளம், சுமார் 900 அடி. குறுக்கே 350 அடி அளவு. முதலில் மதில் மேல் ஏறி வடக்குப் பக்கம் போய்விடுங்கள். அங்கே சக்கரம் வைத்த இரண்டு பீரங்கிகள் இருக்கும். எல்லோரும் ஆங்கிரேயின் பீரங்கி என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். கிட்டப் போய் எழுத்தைப் பாருங்கள்: இங்கிலாந்தின் யார்க்சயரில் இருந்த லோ மூர் இரும்பாலையின் பெயர் பொறித்திருக்கும். அவை ஆங்கிலேய வார்ப்பு. இரும்பு உப்புக்காற்றில் ஏற்கெனவே அடுக்கடுக்காக உரிகிறது. அதன் மேல் குழந்தைகளை ஏற்றி உட்கார வைக்காதீர்கள்.

அதே வடக்கு முனையிலிருந்து சர்ஜேகோட் தெரியும். ஒட்டினாற்போல் இருக்கும் குட்டிக் கோட்டை, நடுவில் கல் பாவிய பாதை. கொலாபாவை நெருங்கி வரும் எதிரி அந்தப் பாறையைப் பிடித்துப் பீரங்கி வைத்துவிடாமல் இருக்கத்தான் அதையும் சுவர் வைத்து அடைத்தார்கள். அங்கே போக ஆசை வரும். நேரம் நிறைய இருந்தால் மட்டும் போங்கள். அந்தப் பாதையையும் நீர் மூடும்.

சித்திவிநாயகர் கோயில் ரகோஜி ஆங்கிரே 1759-இல் கட்டியது. இன்றும் பூஜை நடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, நனைந்த காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போங்கள். பக்கத்தில் கல் படி வைத்த குளம், கிணறுகள். நாலு பக்கமும் உப்பு நீர் இருக்க, உள்ளே நல்ல நீர் ஊற்று இருந்ததால்தான் முற்றுகையைத் தாங்க முடிந்தது. இப்போது அந்த நீரைக் குடிக்க வேண்டாம். ஒரு தர்காவும் இருக்கிறது. ஆங்கிரே மாளிகையின் அடித்தளமும் இடிபாடுகளும் புதர்களுக்கு நடுவே கிடக்கும். மழை முடிந்த கையோடு போனால் புல் உயரமாக இருக்கும், பாம்பு இருக்கலாம் என்று நினைத்தே காலை வையுங்கள். மதில் மேல் கைப்பிடி கிடையாது. ஓரத்துக்குப் போய் செல்ஃபி எடுக்கும் ஆசையைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால் வெளிச்சுவர், வாசல், வடக்கு மதில், கோயிலும் குளமும் என்ற வரிசையில் முடித்துக்கொள்ளுங்கள். மாளிகை இடிபாட்டை விட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

திரும்பிக் கரைக்கு வந்ததும் உப்பு நீரைக் கழுவிவிட்டு, நேரம் இருந்தால் ஊருக்குள் ஹிராகோட் என்ற கோட்டையையும் கானோஜி ஆங்கிரே சமாதியையும் பார்க்கலாம். இரண்டுக்கும் கடல் நேரம் தேவையில்லை. ஏகாதசிக் கணக்கில் வந்தவர்கள் அதற்கு நிற்காமல் நேரே மாண்ட்வா பஸ்ஸைப் பிடியுங்கள். ஞாயிறு மாலை படகு டிக்கெட் முன்பே நிரம்பிவிடும். காலையில் கேட்வேயிலேயே திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படகு போய்விட்டாலும் வழி இருக்கிறது: அலிபாக் எஸ்டி ஸ்டாண்டிலிருந்து பன்வேல் பஸ், அங்கிருந்து ஹார்பர் லைன்.